கணுக்காலோடு நின்ற தமிழ்

பல் டாக்டர் கிளினிக்கில் முன்கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அக்காவை, டாக்டரம்மாவிலிருந்து கூரியர்காரர் வரை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிடப் பெரியவர்கள்கூட அப்படித்தான். பல்வலியோடு வருகிறவனுக்கு வயசெல்லாம் நினைவிருக்குமா? அக்கா, சீக்கிரம் உள்ள அனுப்புங்க, அவ்வளவுதான் தெரியும். அதனால் இங்கேயும் அவள் அக்காதான்.

அக்காவுக்கு நாலு மொழி. படித்து வாங்கிய சான்றிதழெல்லாம் கிடையாது. ஊர் மொழி, அதாவது தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் இந்த ஊர்க்காரர்கள் பேசுவது, நோயாளிகளிடமிருந்து வந்தது. வாயைத் திறந்துகொண்டு பேசுகிறவர்களிடம் கற்றதால் அதில் பாதி உயிரெழுத்து. ஆபீஸ் மொழி கம்ப்யூட்டரிலிருந்தும் மருந்து கம்பெனிக்காரர்களிடமிருந்தும் வந்தது. மூன்றாவது, மாடிவீட்டு மொழி. கிளினிக்குக்கு மேலே குடியிருக்கும் அம்மாள் துணியைப் பிழியாமல் கொடியில் போடுவாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கிளினிக் போர்டில் இருக்கும் பெரிய பல்லின் மேல் விழும். அதைக் கேட்கப் போய்க் கற்றுக்கொண்ட மொழி அது. இன்றைக்கும் அதில் அக்காவுக்கு நன்றி என்பதற்குச் சொல் தெரியாது. பிழி என்பதற்குத் தெரியும்.

நாலாவது தமிழ். அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, பிறந்ததிலிருந்து பேசுகிறாள். பேசுகிறாள் என்றால், தொடங்குகிறாள்.

முடித்து வைப்பது மாஸ்டர்.

மாஸ்டர் அவளுடைய வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். அவருடைய காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் அவர் காலடியில் இன்னொரு பிரேக். நிறுத்தலாமா வேண்டாமா என்று ஓட்டுகிறவர் யோசிப்பதற்குள் மாஸ்டர் நிறுத்திவிடுவார். ஊரில் பாதிப் பேர் லைசென்ஸ் வாங்கியது அவரால்தான். அவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் காலால் பிரேக் போட்டதாக நினைவே இல்லை. இதற்கு மேல் தமிழ் மன்றத்தின் செயலாளர் வேறு. மைக் என்றால் அவருக்கு அத்தனை ஆசை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளம் எங்கே என்று கேட்க மாட்டார், சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட வாயைத் திறக்க மாட்டார். நல்ல மனுஷன் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அக்காவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வருவாள், ஆனால் அதையும் அவரே முடித்துவிடுவார்.

இதில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வேணுமா வேணாமா, போவேனா மாட்டேனா, பிடிச்சிருக்கா இல்லையா என்கிற சமாசாரமெல்லாம் தமிழில் வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து இறங்கும். அதுவரைக்கும் யார், எங்கே, எதற்கு, யாரோடு என்று ஒரு ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஒருவர் புகுந்து வாலைப் பிடித்துக்கொண்டார் என்றால் தீர்ந்தது. வேணாம் என்று கிளம்பியது வேணும் என்று போய்ச் சேரும். ஊர் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. அதில் இல்லை என்பதுதான் முதலில் வரும், காரணமெல்லாம் பின்னால். நடுவில் எவர் குறுக்கே வந்தாலும் இல்லை இல்லைதான்.

இரண்டு வீட்டாரும் கூடி உட்கார்ந்து கல்யாணம் பேசிய அன்றைக்கே இது ஆரம்பித்துவிட்டது. பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பெரிய மனசு பண்ணிக் கேட்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இப்போ கல்யாணம் பண்ணிக்கறதுல..." என்று இழுத்தாள்.

"முழு சம்மதம்," என்றார் மாப்பிள்ளை.

அறை முழுக்கச் சிரிப்பு. என்ன ஒரு சமயோசிதம், என்ன ஒரு கலகலப்பு என்று அக்காவின் அப்பாவே உச்சி குளிர்ந்து போனார். அவசரமில்லை, ஒரு வருஷம் போகட்டும் என்று அவள் சொல்ல வந்தது யாருக்கும் தெரியாது. பிறகு அவளுக்கே அது அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை; குடும்பம் நடந்தது, மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேலை கிடைத்துத் தூரத்தில் போய் இருக்கிறாள். ஹால் சுவருக்கு வண்ணம் பார்த்தபோது, "இந்த நீலம் எனக்கு..." என்று அக்கா ஆரம்பித்தாள். "ரொம்பப் பிடிச்சிருக்குல்ல? எனக்குத் தெரியும்," என்று மாஸ்டர் பெயின்ட்டுக்காரருக்கு ஃபோன் போட்டார். அந்த நீலத்தைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். இன்னமும் அந்த நீலத்துக்குள்தான் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறாள்.

சொல்லுங்கள், இதில் யார் மேல் கோபப்படுவது? அந்த மனுஷன் ஆசையாகச் செய்கிறார். என் பொண்டாட்டி மனசுல நினைக்கறது எனக்குத் தெரியும் என்று நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொள்கிறார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு புதுச் சுமை வந்து ஏறியது. டாக்டரம்மா ரயிலில் போகிற தூரத்தில் வேறொரு ஊரில் இரண்டாவது கிளினிக் திறக்கிறார். ஒரு மத்தியானம் கையுறையைக் கழற்றிக்கொண்டே கவுன்ட்டருக்கு வந்து, "அக்கா, அங்க பொறுப்பா ஒரு ஆள் வேணும். நீங்க போங்க. மேல்மாடியில ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. ஆளுங்கள நீங்களே எடுங்க, நீங்களே நடத்துங்க," என்றார்.

அக்காவுக்கு ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை. இந்தக் கவுன்ட்டரில் எது எங்கே தப்பாக இருக்கிறது, நாற்காலியை எந்தப் பக்கம் போட்டால் காத்திருக்கிறவர்கள் உள்ளே துளைக்கிற சத்தத்தைக் கேட்டு எழுந்து ஓடாமல் இருப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து அவள் இஷ்டப்படி வைக்கலாம். சுவருக்கு என்ன வண்ணம் என்பதுகூட அவள் இஷ்டம். 

"வீட்ல சொல்லிட்டுச் சொல்றேன் டாக்டரம்மா," என்றாள்.

"சீக்கிரம் சொல்லுங்க. இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்."

வீட்டில் சொல்வதுதானே, என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா புதுசா ஒரு கிளினிக்..."

"திறக்கறாங்களா! திறக்கட்டும் திறக்கட்டும். ஊர்ல எல்லாருக்கும் சொத்தைப் பல்லு, நல்லா ஓடும்."

"அங்க என்னைய..."

"கூப்பிட்டிருக்காங்க, அதானே? உன்னைய கூப்பிடாம வேற யாரைக் கூப்பிடுவாங்க. திறப்பு விழாதானே, ரெண்டு பேருமா போயிட்டு வந்துடலாம்." சாப்பிட்ட கையைக் கழுவியதும் பேனாவை எடுத்து உட்கார்ந்துவிட்டார், வாழ்த்துரை எழுத. 'பல்லாண்டு வாழ்க பல் மருத்துவமனை' என்று ஆரம்பித்துத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். யாரும் கேட்காத வாழ்த்துரை. அக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு அதை முழுக்கக் கேட்டாள்.

மறுநாள் ஃபோனில் டைப் அடித்து அனுப்பினாள். 'புது கிளினிக்குக்கு என்னைப் பொறுப்பாளராக வரச் சொல்கிறார்கள், எனக்குப் போக விருப்பம்' என்று முழுசாக, வினைச்சொல்லோடு. வகுப்பு நடுவில் மாஸ்டருடைய ஃபோன் திரையில் 'புது கிளினிக்குக்கு என்னை...' என்பது வரைக்கும்தான் தெரிந்தது. அந்த ஃபோனும் அவரைப் போலவே வாய்த்திருக்கிறது. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டு, பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவருக்காகப் பிரேக்கை மிதித்தார்.

அந்த வாரம்தான் ஓவிய டீச்சர் கிளினிக்குக்கு வந்தார். கன்னம் வீங்கி, கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி கவுன்ட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அதற்குள் அக்கா ஃபோனில் ஊர் மொழியில் ஒருவரைச் சமாதானப்படுத்தினாள், ஆபீஸ் மொழியில் பஞ்சு சப்ளை செய்கிறவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள், வாசலுக்குப் போய் மேலே பார்த்து மாடிவீட்டு மொழியில் ஒரு சத்தம் போட்டாள், திரும்பி வந்து தமிழில், "ஐயோ, இந்தப் பொம்பளையோட..." என்று முணுமுணுத்தாள். ஓவிய டீச்சருக்கு ஊர் மொழி மட்டும்தான் தெரியும். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது, வாயில் பஞ்சோடு, பக்கத்து நூலகத்தில் நான் ஒரு ஓவிய வகுப்பு நடத்துகிறேன், நீங்கள் கண்டிப்பாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பஞ்சோடு பேசினால் புரிந்துகொள்ளக் கூடியவள் ஊரிலேயே அக்கா ஒருத்திதான்.

நூலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய சார்ட் தாள். அதில் ஒரு மனித உருவத்தின் வெளிக்கோடு மட்டும், உள்ளே காலி. உங்களுக்குத் தெரிந்த மொழிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள், அந்தந்த மொழி உங்கள் உடம்பில் எங்கே இருக்கிறதோ அங்கே பூசுங்கள், எந்த நிறம் எந்த மொழி என்று மட்டும் ஓரத்தில் எழுதுங்கள், உங்கள் பெயர் எழுத வேண்டாம் என்றார் டீச்சர். அக்காவுக்கு முதலில் சிரிப்பாக வந்தது. மொழி உடம்பில் எங்கே இருக்கும், நாக்கில்தான். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலையை எருமை மாதிரி வளர்ந்தவர்களுக்குக் கொடுக்கிறார்களே என்று நினைத்தாள். பக்கத்தில் பேக்கரிக்காரர் ஏற்கனவே வயிறு முழுக்கச் சிவப்பைப் பூசி முடித்துவிட்டு, வேறு மொழிக்கு இடமில்லையே என்று கவலையாக உட்கார்ந்திருந்தார். டாக்சி ஓட்டுகிறவர் தெரிந்த மொழிகள் அத்தனையையும் வலது கையில் கொண்டுபோய் வைத்திருந்தார்; ஜன்னலுக்கு வெளியே நீட்டித் திட்டுகிற கையாம்.

அக்கா ஆபீஸ் மொழிக்குச் சாம்பல் நிறத்தை எடுத்து விரல் நுனிகளில் வைத்தாள். மாடிவீட்டு மொழிக்கு மஞ்சள், கழுத்தில். அண்ணாந்து பார்த்துப் பேசுகிற மொழி இல்லையா. ஊர் மொழிக்கு ஆரஞ்சு. அதை வாயில் பூசினாள், பிறகு தோளில் பூசினாள், பரவாயில்லை நன்றாகத்தான் இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பூசினாள். தமிழுக்குக் கத்தரிப்பூ நிறம். உச்சந்தலையில் ஆரம்பித்து நெற்றி, காது, நெஞ்சு, வயிறு, தொடை, முழங்கால் என்று அழுத்தி அழுத்திப் பூசிக்கொண்டே வந்தாள். கணுக்காலுக்கு வந்ததும் கிரேயான் நின்றுவிட்டது. தீர்ந்துபோகவில்லை, கையில் இன்னும் பாதி இருந்தது. அதற்குக் கீழே அவளுக்குப் பூச வரவில்லை. இரண்டு பாதமும் வெள்ளையாகவே கிடந்தன.

டீச்சர் வந்து குனிந்து பார்த்தார். காலுக்கு ஏன் நிறம் இல்லை என்று கேட்டார்.

அக்கா ஊர் மொழியில் சொல்லத் தொடங்கினாள். அவளுடைய ஊர் மொழி பேச்சில் நொண்டும்; ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒருவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். டீச்சர் காத்திருந்தார். புருவத்தைத் தூக்கி, தலையைச் சாய்த்து, அடுத்த சொல் வரும் வரைக்கும் அப்படியே நின்றார். "என் மொழியில நான் கிளம்புவேன்," என்றாள் அக்கா. தேடினாள். "என் வீட்டுக்காரர் போய்ச் சேந்துடுவார்."

டீச்சர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அக்காவுக்கும் உறைத்தது. தண்ணி பட்ட பாடாய்ப் பேசுகிற மொழியில் ஒரு வாக்கியத்துக்கு வழியில்லை. தட்டுத்தடுமாறுகிற மொழியில் மனிதர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கிரேயானை டப்பாவில் வைத்து மூடினாள்.

வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு லைப்ரரில ஒரு..." என்றாள்.

"புக் திருப்பிக் குடுக்கணுமா? மேசை மேல வை, நான் குடுத்துடறேன்," என்றார் மாஸ்டர்.

ஆகவே, அந்தப் படங்களையெல்லாம் நூலகத்தின் ஹாலில் மாட்டிக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள், ஒவ்வொரு மொழி மன்றத்திலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லப் போகிறார்கள் என்ற செய்தி மாஸ்டருக்கு அழைப்பிதழாகத்தான் வந்தது. தமிழுக்கு அவர். வேறு யார் இருக்கிறார்கள்? வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். "நீயும் வாம்மா, கூட்டம் கம்மியா இருந்தா நல்லா இருக்காது," என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். டிரைவிங் ஸ்கூல் கார் அன்றைக்கு வொர்க்‌ஷாப்பில் இருந்ததால் பஸ்ஸில் போனார்கள். பஸ் முழுக்க அவர் பேச்சை ஒத்திகை பார்த்தார்.

ஹாலில் டாக்டரம்மாவும் வந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்காவது சொல்லிடுங்கக்கா. இன்னொரு பொண்ணு கேட்டுட்டே இருக்கா," என்றார். அக்கா சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தமிழ்ப் பகுதியின் நடுநாயகமாக அவளுடைய கத்தரிப்பூப் பெண் பாதமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். மேசையில் இருந்த குறிப்பை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நேராக அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"அன்பர்களே, இந்த ஓவியத்தைப் பாருங்கள்! இதை வரைந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய உள்ளம் எனக்குத் தெரியும்! உச்சி முதல் கணுக்கால் வரை தமிழ்! பிற மொழிகள் விரல் நுனியில், வெறும் ஒட்டுத் துணிபோல. ஆனால் பாதத்தைப் பாருங்கள். வண்ணம் இல்லை! ஏன்? மறந்துவிட்டாரா? இல்லை! தாய்மொழியின் மேல் கால் படக் கூடாது என்ற பணிவு! அந்தப் பணிவின் பெயர்தான் தமிழ்ப் பண்பு!"

கைத்தட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அக்காவும் தட்டினாள். பழக்கம்.

டீச்சருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எல்லாரும் அந்தப் படத்துக்குக் கைதட்டுகிறார்கள் என்பது தெரிந்தது. முகமெல்லாம் மலர்ந்து, இதை வரைந்தவர் இங்கேயே இருக்கிறார், வாருங்கள் வாருங்கள் என்று அக்காவின் தோளைப் பிடித்து எழுப்பி முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

மாஸ்டர் முகத்தில் ஒரு நொடி ஈயாடவில்லை. ஒரே ஒரு நொடிதான். "அடடா! அடடா! வீட்டுக்குள்ளேயே ஒரு ஓவியரை வெச்சுக்கிட்டு நான் வெளியில தேடிட்டிருந்திருக்கேன் பாருங்க!" என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். "மனசு தெரியும்னு சொன்னேன்ல? சும்மாவா சொன்னேன்? ரெண்டு வார்த்தை சொல்லும்மா." மைக்கை அவள் பக்கம் நீட்டினார். ஆனால் மைக்கிலிருந்து தன் கையை எடுக்கவில்லை.

"இது பணிவெல்லாம்..." என்றாள் அக்கா.

"பணிவெல்லாம் தாண்டி பக்தின்னு சொல்ல வராங்க," என்றது மைக், மாஸ்டர் குரலில்.

"இல்ல, நான் பேச ஆரம்பிச்சா..."

"நிறுத்த மாட்டாங்க! அது எனக்குத்தான் தெரியும்!"

ஹால் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக டாக்டரம்மா எழுந்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுந்தார். "அக்காவப் பத்தி நானும் ஒண்ணு சொல்லணும். எங்க கிளினிக் ஓடறதே அவங்களாலதான். புது ஊர்ல திறக்கற கிளினிக்க அவங்க பொறுப்புலதான் விடப் போறேன். வீட்ல கேட்டுச் சொல்றேன்னிருக்காங்க. மாஸ்டர், நீங்க மனசு வைக்கணும்," என்றார்.

மாஸ்டருக்கு இது புதுச் செய்தி. திறப்பு விழாவுக்கு வாழ்த்துரை எழுதி வைத்திருந்த மனிதர் அவர். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயம்தான் இருந்தது.

"டாக்டரம்மா, நான் அந்த ஊருக்கு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"வர மாட்டாங்க," என்றார் மாஸ்டர் மைக்கில். "அவங்களால என்னை விட்டு ஒரு நாள் இருக்க முடியாதுங்க. அதான் உங்ககிட்ட சொல்லத் தயங்கியிருக்காங்க, பாவம்."

கூட்டம் உருகிப் போனது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவின் முகம் வாடியது. "பரவாயில்லக்கா, எனக்குப் புரியுது," என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனார்.

அக்காவுக்கு உள்ளே என்னமோ அறுந்தது. கல்யாணம் பேசிய அறை, நீல ஹால், கட்டைவிரல் படம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தன. இப்போது இந்த வாக்கியமும் போனால் இனிமேல் அவளுக்கு வாக்கியமே கிடையாது. நான் என்று ஆரம்பித்தால் போச்சு. அந்த ஊருக்கு என்று ஆரம்பித்தால் போச்சு. மாஸ்டரின் கை மைக்கோடு அவருடைய வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"போறேன்!" என்றாள்.

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"போறேன் நான், அந்த ஊருக்கு. எடுத்துக்கறேன் டாக்டரம்மா, அந்த வேலைய. பிடிக்கல எனக்கு, அந்த நீலக் கலர். பணிவில்லங்க அது, பாதத்துக்குக் கலர் இல்லாதது. முடிக்கவே விட்டதில்ல என்னைய, இத்தனை வருஷத்துல, ஒரு பேச்சைக்கூட."

மாஸ்டர் வாயைத் திறந்தார். முடித்து வைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. முடிவெல்லாம் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டது. வால் பக்கத்தில் வெறும் ஊரும் வேலையும் கலரும்தான் கிடந்தன. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? மைக் கொய்ங் என்று இரைந்தது.

டாக்டரம்மா வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். டீச்சர் இதை ஏதோ கவிதை என்று நினைத்துவிட்டார். சொற்கள் அப்படி முன்னும் பின்னுமாக வந்ததால் இருக்கும். பலமாகக் கைதட்டிவிட்டு, அடுத்த மொழிக்காரரை அழைத்தார்.

பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் நின்றார்கள். மாஸ்டர் தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது பல்லைப் பிடுங்கி வாயில் பஞ்சு வைத்தபோதுதான். வெள்ளைச் சட்டையின் இஸ்திரி கலைந்திருந்தது. அக்காவுக்குப் பாவமாகவும் இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. எதற்கு என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

"அப்ப நான்..." என்றார் மாஸ்டர்.

நின்றுவிட்டார். அவளுக்கு அந்த வாக்கியத்தை முடிக்க ஏழெட்டு வழி தெரியும். அப்ப நான் ஹோட்டல்ல சாப்பிடணுமா, அப்ப நான் ஊர்ல எப்படித் தலைகாட்டறது, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. ஒன்றையும் கொடுக்கவில்லை. நூலகத்தில் டீச்சர் நின்ற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப நான்... யார்கிட்டம்மா பேசறது?"

இத்தனை வருஷமாக அவர் பேசியதெல்லாம் அவளிடம்தான் என்பது அக்காவுக்கு இப்போதுதான் தோன்றியது. நல்லவேளை, இருக்கேன் போகல என்று வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"பேச வேணாம்," என்றாள். "கேளுங்க. கொஞ்ச நாளைக்கு."

"என்னத்தைக் கேக்க?"

கேட்டுவிட்டு அவளையே பார்த்தார். பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா பதில் சொல்ல ஆரம்பித்தாள், இந்தத் தடவை நிதானமாக, யார், எங்கே, எதற்கு என்று ஊர்வலமாகவே. புது ஊரில் ஸ்டேஷனிலிருந்து கிளினிக்குக்கு எப்படிப் போவது, மேல்மாடி ரூமில் ஜன்னல் எந்தப் பக்கம், காத்திருப்பவர்களின் நாற்காலிகளை அவள் எங்கே போட நினைத்திருக்கிறாள், ஏன் அங்கே. நடுவில் இரண்டு தடவை அவருடைய உதடு அசைந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று கத்தினார். மாஸ்டர் அவரைப் பார்த்து வேணாம் என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார். அக்கா இன்னும் வினைச்சொல்லுக்கு வரவில்லை.